விரிதாளும் கணிதக் கல்வியும்: ஒரு வரலாறு

விரிதாள் என்பது கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் வெட்டிக்கொள்ளும் கட்டங்களில் எண்களையும் சூத்திரங்களையும் இட்டுக் கணக்கிட உதவும் கணினி மென்பொருள் ஆகும். இது அட்டவணைச் செயலி என்றும் அழைக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த மற்றக் கட்டங்கள் அனைத்தும் உடனே மாறிவிடும். இதுவே விரிதாளின் அடிப்படைப் பண்பு. வணிகக் கணக்குகளுக்காகத் தோன்றிய இக்கருவி 1980களில் கணித வகுப்பறைக்குள் நுழைந்தது. விதியை மனப்பாடம் செய்வதற்கு முன்பே எண்களோடு பழகி, அவற்றின் ஒழுங்கைத் தாமே கண்டுகொள்ள மாணவர்களுக்கு அது ஒரு வழியைத் திறந்தது. கண்டறிந்ததை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே எழுந்தது.

கரும்பலகையிலிருந்து கணினிக்கு

விரிதாள் என்ற சொல் கணினிக்கு முந்தையது. கணக்குப் பதிவேட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து விரித்து எழுதப்பட்ட அகன்ற தாளையே அது முதலில் குறித்தது. இத்தகைய தாளைக் கணினியில் அமைக்கலாம் என்ற கருத்தை ரிச்சர்ட் மாட்டெசிச் 1961இல் முன்வைத்தார். ரெனே பார்டோ, ரெமி லாண்டோ ஆகியோர் 1969இல் உருவாக்கிய லான்பார் என்ற நிரல் பெருங்கணினிகளில் இயங்கியது. ஆயினும் இவை பொதுமக்கள் கைக்கு வரவில்லை.

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1978இல் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினின் எண்ணத்திலிருந்துதான் மக்கள் கைக்கு வந்த விரிதாள் பிறந்தது. வகுப்பில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணை ஒன்றை எழுதி விளக்கினார். ஓர் எண்ணை மாற்ற நேர்ந்தால், அதைத் தொடர்ந்து வரும் எண்களை எல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று பிரிக்லின் எண்ணினார். அவர் வடிவமைக்க, நண்பர் பாப் பிராங்க்ஸ்டன் நிரல் எழுத, 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் வெளிவந்தது. அதில் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் இருந்தன. பின்னர் 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் ஆகியவை வந்தன. பொருளாதாரம் என்றில்லாமல் எந்தக் கணக்குக்கும் பொருந்தும் கருவியாக விரிதாள் பரவியது.

"இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்பது வணிகர்களுக்குத் திட்டமிடும் வழி. கணிதம் கற்பவருக்கு அதுவே ஆராய்ச்சியின் முதற்படி. கையால் கணக்கிடும் மாணவர் அக்கேள்வியை இரண்டு மூன்று முறைதான் கேட்பார். அதற்குள் களைத்துவிடுவார். விரிதாள் அந்தக் களைப்பை நீக்கியது.

வகுப்பறைக்குள் நுழைவு

கல்விச் சூழலும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தேசியக் கணித ஆசிரியர் மன்றம் 1980இல் வெளியிட்ட பரிந்துரை அறிக்கை, சிக்கல் தீர்த்தலே பள்ளிக் கணிதத்தின் மையமாக இருக்க வேண்டும் என்றும், கணிப்பான்களையும் கணினிகளையும் வகுப்பில் பயன்படுத்த வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அதே ஆண்டில் சீமோர் பேப்பர்ட் எழுதிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் நூல், லோகோ என்ற நிரல்மொழி வழியாகக் குழந்தைகள் கணிதத்தைத் தாமே கட்டி எழுப்பலாம் என்று வாதிட்டது. ஆனால் லோகோவைக் கையாள ஒரு நிரல்மொழியைக் கற்க வேண்டியிருந்தது. விரிதாளில் அந்தத் தடை குறைவு. கூட்டவும் பெருக்கவும் தெரிந்தவர் அன்றே தொடங்கிவிடலாம்.

கணிதப் பேராசிரியர் டீன் ஆர்கன்பிரைட் 1985இல், மின் விரிதாள்களின் கணிதப் பயன்பாடுகள் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் எரிக் நாய்விர்த் என்பவருடன் இணைந்து எக்செல் வழியாகக் கணித மாதிரிகளை அமைப்பது பற்றி 2004இல் மற்றொரு நூல் எழுதினார். ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டு, கல்வியில் விரிதாள்களுக்கென்றே ஒரு மின்னிதழ் தொடங்கப்பட்டது. ஜான் பேக்கர், ஸ்டீபன் சக்டன் ஆகியோர் அதில் முதல் கால் நூற்றாண்டின் வரலாற்றைத் தொகுத்து எழுதினர்.

எண்கணிதத்துக்கும் இயற்கணிதத்துக்கும் நடுவே

பள்ளி மாணவர் பலர் தடுமாறும் இடம் எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்குத் தாவும் இடமாகும். தெரியாத எண்ணை ஓர் எழுத்தால் குறித்து, அதைத் தெரிந்ததுபோலவே கையாள்வது அவர்களுக்குப் புதிராக இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ரோசமண்ட் சதர்லாந்து, மெக்சிகோவைச் சேர்ந்த தெரேசா ரோஹானோ ஆகிய ஆய்வாளர்கள் இந்தத் தாவலுக்கு விரிதாள் பாலமாகுமா என்று இரு நாட்டு மாணவர்களிடையேயும் ஆராய்ந்தனர். அவர்களது கட்டுரை 1993இல் வெளிவந்தது. மெக்சிகோவின் கல்வி அமைச்சகம் 1997இல் தொடங்கிய, தொழில்நுட்பத்தின் வழிக் கணிதம் கற்பிக்கும் திட்டத்திலும் விரிதாள் இடம்பெற்றது.

பாலம் எப்படி அமைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 100 நோட்டுப் புத்தகங்களை மூன்று வகுப்புகளுக்குப் பகிர வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு முதல் வகுப்பைப் போல் இரு மடங்கு. மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பைவிட 10 கூடுதல். முதல் வகுப்புக்கு எத்தனை?

மாணவர் முதல் கட்டத்தில் ஏதேனும் ஓர் எண்ணை, 10 என்று, இடுகிறார். அடுத்த கட்டத்தில் "முதல் கட்டத்தின் இரு மடங்கு" என்றும், அதற்கடுத்ததில் "இரண்டாம் கட்டத்துடன் 10" என்றும், கடைசியில் மூன்றின் கூட்டுத்தொகை என்றும் சூத்திரம் அமைக்கிறார். மொத்தம் 60 என்று வருகிறது. 20 என்று மாற்றினால் 110. விடை இடையில் இருக்கிறது. 11, 12, 13 என்று ஒவ்வொன்றாக மாற்றுகையில் மொத்தம் ஒவ்வொரு முறையும் 5 கூடுவதைக் கவனிக்கிறார். 60இலிருந்து 100க்கு 40 வேண்டும். 40ஐ 5ஆல் வகுத்தால் 8. ஆகவே விடை 18.

இங்கே மாணவர் வெறுமனே ஊகித்து விடை காணவில்லை. முதல் கட்டத்தில் எந்த எண் இருந்தாலும் பொருந்தும் உறவுகளை அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டமே மாறி. மொத்தம் 5, 5ஆகக் கூடியது, சமன்பாட்டில் மாறியின் கெழு 5 என்பதன் இன்னொரு தோற்றம். அதன்பின் ஆசிரியர் அந்தக் கட்டத்துக்கு எக்ஸ் என்று பெயரிட்டால், மாணவருக்கு அது ஏற்கெனவே பழகிய ஒன்றின் சுருக்கெழுத்தாக இருக்கும்.

கண்டறிதலும் நிறுவலும்

விரிதாளால் பயன்பெறும் மற்றொரு பகுதி தொடர்வரிசைகள். கூட்டுவட்டிக் கணக்கு இதற்கு நல்ல சான்று. ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு விழுக்காடு வட்டி என்று கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை வட்டி சேர்த்தால் ஆண்டு முடிவில் 2 ரூபாய். மாதந்தோறும் சேர்த்தால் ஏறத்தாழ 2.613. நாள்தோறும் சேர்த்தால் 2.7146. தவணைகளைப் பெருக்கிக்கொண்டே போனால் தொகையும் எல்லையின்றிப் பெருகும் என்றே பலர் முதலில் எதிர்பார்ப்பார்கள். அட்டவணையோ 2.718 அருகே நின்றுவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் யாக்கோபு பெர்னூலி இதே வட்டிக் கணக்கை ஆராய்ந்துதான் இந்த எல்லையை எதிர்கொண்டார். இன்று அது இயல் மடக்கையின் அடிமானமாக அறியப்படுகிறது. பாடநூலில் முன்னறிமுகமின்றி வந்து நிற்கும் ஒரு மாறிலி, இங்கே மாணவரின் எதிர்பார்ப்பு பொய்த்த இடத்தில் தோன்றுகிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்ற கேள்வியும் அவருடையதாகிறது.

எனினும் ஒழுங்கைக் காண்பது வேறு, அதை நிறுவுவது வேறு. ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதே எண்ணையும் 41ஐயும் கூட்டும் கோவை லியோனார்டு ஆய்லரின் பெயரோடு தொடர்புடையது. 0இலிருந்து தொடங்கி நெடுவரிசையில் இக்கோவையை நிரப்பினால் 41, 43, 47, 53, 61 என்று பகா எண்களாகவே வரும். 39 வரை ஒன்றுகூடத் தவறாது. நாற்பது சான்றுகளைப் பார்த்த மாணவர் இது என்றும் பகா எண்ணையே தரும் என்று முடிவு கட்டுவது இயல்பே. ஆனால் 40ஐ இட்டதும் 1681 வருகிறது. அது 41இன் வர்க்கம். சூத்திரத்தை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும்: 40இன் வர்க்கமும் 40உம் சேர்ந்தால் 40ஐ 41ஆல் பெருக்கிய தொகை, அதனுடன் இன்னொரு 41 சேரும்போது 41ஐ 41ஆல் பெருக்கியதாகிறது. அட்டவணை ஐயத்தை எழுப்பியது. இயற்கணிதம் அதைத் தீர்த்தது.

கருவியின் எல்லை

விரிதாள் எண்களை முழுமையாகச் சேமிப்பதில்லை. இன்றைய மென்பொருள்கள் ஓர் எண்ணைப் பொதுவாக 15 அல்லது 16 இலக்கத் துல்லியத்திலேயே வைத்திருக்கின்றன. மேற்கண்ட வட்டிக் கணக்கில் தவணைகளின் எண்ணிக்கையைப் பத்து இலட்சமாகக் கொண்டால் 2.71828 என்று சரியாகவே வரும். அதை 1க்குப் பின் 15 சுழியங்கள் கொண்ட எண்ணாக உயர்த்தினால் ஏறத்தாழ 3.035 என்ற தவறான விடை வருகிறது. இன்னொரு சுழியம் சேர்த்தால் விடை 1 ஆகிவிடுகிறது. ஒன்றுடன் கூட்டப்படும் பின்னம் அவ்வளவு சிறியதாகிவிட்டதால் அது சேமிப்பில் தொலைந்துபோகிறது. ஒன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதான். திரையில் தெரிவதெல்லாம் உண்மையல்ல என்பதற்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

இரண்டாவது ஆபத்து, சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருப்பது. பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் ஆகியோர் 2010இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர்களது விரிதாளைப் பெற்று ஆராய்ந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டதைக் கண்டார். அவரும் அவருடைய பேராசிரியர்களும் 2013இல் இதையும், முறை சார்ந்த வேறு குறைகளையும் வெளியிட்டனர். விடையை மட்டும் பார்க்காமல் கட்டத்தைத் திறந்து உள்ளே பார்க்கும் பழக்கம் ஒரு மாணவருக்கு இருந்ததால்தான் பிழை வெளிப்பட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில்

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கணினிப் பாடநூல்கள் முன்பு ஸ்டார் ஆபிஸ் கால்க் மென்பொருளையும், பின்னர் ஓப்பன் ஆபிஸ் கால்க் மென்பொருளையும் கற்பித்தன. மாநில அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் மாணவர் பலரின் வீட்டுக்கே கணினி வந்தது. கணிதப் பாடநூல்களிலும் இணையச் செயல்பாடு என்ற பகுதி சேர்க்கப்பட்டு, ஜியோஜீப்ரா மென்பொருளில் அமைந்த பயிற்சிகள் தரப்பட்டன. ஆயினும் விரிதாள் பெரும்பாலும் கணினிப் பாடத்தின் அலுவலகக் கருவியாகவே நின்றுவிட்டது.

இந்த வேறுபாடு சிறியதன்று. முன்பே அமைக்கப்பட்ட பயிற்சியில் மாணவர் வேறொருவர் எழுதிய உறவைக் கண்டு மகிழ்கிறார். வெற்று விரிதாளில் அந்த உறவை அவரே எழுத வேண்டும். தவறாக எழுதினால் அட்டவணையே காட்டிக்கொடுக்கும். லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இன்று செலவின்றிக் கிடைக்கின்றன. ஆகவே கணித ஆசிரியர் ஒருவர் இதைத் தொடங்கப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு நெடுவரிசையில் 1, 2, 3 என்று எண்களை நிரப்பி, அருகில் அவற்றின் வர்க்கங்களையும், அதற்கடுத்து அடுத்தடுத்த வர்க்கங்களின் வேறுபாட்டையும் காணச் சொன்னால் போதும். 3, 5, 7, 9 என்று ஒற்றை எண்கள் வரிசையாக வந்து நிற்கும். ஏன் என்று ஒரு மாணவராவது கேட்பார். பாடம் அங்கே தொடங்குகிறது.