தேவரடியார் முறை

தமிழகக் கோயில்களில் பெண்களை இறைபணிக்கு உரியவராக்கிய வழக்கம். இது சமயத்தின் பெயரால் நடந்த பரத்தமையா, கோயில் ஊழியமா என்பது நூறாண்டுக்கு மேலாக வாதிக்கப்படுகிறது.

சோழர் காலம்: முதலாம் இராசராசன் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் பணிப்பெண்களை) வருவித்துத் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக அளிக்கப்பட்டன. பங்கு பெற்றவர் இறந்தால் தகுதியுள்ள உறவினர் அப்பணியை ஏற்கலாம். பிற கோயில்களில் தேவரடியார் விளக்குக்குப் பொன்னும் நிலமும் கொடுத்த கொடையாளராகவும் காணப்படுகின்றனர். இவை பற்றிய கல்வெட்டுச் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆய்வாளர் லெஸ்லி ஓர் (2000), சோழர் காலக் கோயில் பெண்களைப் பரத்தையராகக் கருத இடமில்லை என்று வாதிட்டார்.

பிற்காலம்: சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டுவது, அதாவது தாலி கட்டி இறைவனுக்கு உரியவராக்குவது, பரம்பரை வழக்கமாயிற்று. பொட்டுக்கட்டப்பட்டவர் மணம் செய்துகொள்ளவில்லை. செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ்வதும் தாய்வழியில் சொத்து இறங்குவதும் வழக்கமாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அரசவை ஆதரவு சுருங்கியது. 1890களில் சென்னையில் இவர்கள் ஆடிய சதிர் என்ற நடனக் கச்சேரிகளுக்கு எதிரான இயக்கம் எழுந்தது.

உலகளாவிய ஒப்பீடு: பாபிலோனியப் பெண் ஒவ்வொருத்தியும் வாழ்நாளில் ஒருமுறை கோயிலில் அயலானுடன் கூடவேண்டும் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதினார். இத்தகைய செய்திகளோடு தமிழகக் கோயில் பெண்களையும் மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் ஒரே வரிசையில் வைத்தார். அப்பண்டைய செய்திகளே ஆதாரமற்றவை என வரலாற்றாய்வாளர் ஸ்டெபனி பியூடின் 2008இல் மறுத்தார். ஆயினும் பண்டைய சான்று பற்றிய இம்மறுப்பு, பிற்காலத்தில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர் பட்ட துன்பத்தை இல்லையென்று ஆக்கிவிடாது.

சட்டம்: 1927இல் சென்னை சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் (தேவரடியாரின் பிற்காலப் பெயர்), தாங்கள் பரத்தையர் அல்லர் என்று எதிர்த்தனர். தேவதாசி மரபிலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பை ஆதரித்து, 1936இல் ‘தாசிகளின் மோசவலை’ நாவலை வெளியிட்டார். கோயில் ஊழியத்துக்கான மானிய நிலங்களை அப்பெண்களுக்கே உரிமையாக்க 1929ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கி, பொட்டுக்கட்டப்பட்டவரின் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது.

பின்விளைவு: சதிர் பரதநாட்டியம் என்ற பெயரில் பிற சாதியினரின் மேடைக்கலையாயிற்று. பாலசரசுவதி போன்ற சிலரே தேவதாசி மரபிலிருந்து வந்து அம்மேடையில் நிலைத்தனர். சீர்திருத்தத்துக்குப் பின் தொழிலும் கலையும் இழந்த பெண்களின் வாழ்வை ஆய்வாளர் தாவேஷ் சோனேஜி 2012இல் வெளிவந்த நூலில் பதிவுசெய்தார்.