வகுப்பறைக்குள் ஓர் உலகம்

அரசியல் துறையின் பழைய மாணவன் என்ற முறையில் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். நம் பழைய குறும்புகளை எழுத வேறு நண்பர்கள் இருக்கிறார்கள். நான், அரசியலை ஆட்டமாக ஆடியே கற்றுக்கொடுத்தவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். "ஆட்டமா? அதுவும் எம்.ஏ. வகுப்பிலயா?" என்று என் செட் நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள்.

நம் காலத்தில் பன்னாட்டு உறவுகள் என்றால் நோட்ஸ்தான். அதிகாரச் சமநிலைக்கு நாலு இலக்கணம், பனிப்போருக்கு அஞ்சு காரணம். மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், பாஸானோம். ஒரு நாட்டை நடத்துகிறவருக்கு ராத்திரி ஏன் தூக்கம் வராது என்பது மட்டும் அந்த நோட்ஸில் இல்லை.

இந்த முறையின் பூர்வீகம் ராணுவம். 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின் மேல் படைக் கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் கோல்ட்ஹேமர், ஸ்பையர் போன்றோர் அதே எண்ணத்தை அரசியலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதைப் பல்கலைக்கழகத்தில் நிலைநாட்டியவர் ஹெரால்ட் கெட்ஸ்கோ. 1950-களின் கடைசியில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் ஒரு கற்பனை உலகத்தையே உருவாக்கினார்கள். சில நாடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், வெளியுறவைக் கவனிப்பவர், படையைக் கவனிப்பவர், கூடவே நாற்காலி எப்போது காலியாகும் என்று காத்திருக்கும் ஓர் எதிர்க்கட்சிக்காரர்! இருக்கிற வளத்தை மக்களின் நுகர்வுக்குக் கொடுப்பதா, படைக்குக் கொடுப்பதா, நாளைய உற்பத்திக்குப் போடுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் தீர்மானிக்க வேண்டும். மக்கள் திருப்தி குறைந்தால் பதவிக்கே ஆபத்து. நாடுகளுக்கிடையே பேச்சு பெரும்பாலும் எழுத்துச் சீட்டில்தான். "பக்கத்து நாட்டுக்காரன் படையைக் கூட்டறானே, நாம சும்மா இருக்கலாமா?" என்ற பயம் ஒரே மணி நேரத்தில் மாணவனைப் பிடித்துக்கொள்ளும். ஆயுதப் போட்டி என்ற அத்தியாயம் அங்கேதான் புரியும்.

ரிச்சர்ட் பிராடி இந்த ஆட்டத்தை வைத்தே, அணு ஆயுதம் பல நாடுகளுக்குப் பரவினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து 1963-இல் எழுதினார். பரவிய பிறகு, இரண்டு அணிகளுக்குள்ளும் இருந்த கட்டுக்கோப்பு தளர்ந்தது என்று கண்டார். ஹெர்மன் தம்பதியர் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், 1914-ஆம் ஆண்டு நெருக்கடியை நாடுகளின் பெயரை மறைத்து ஆடவிட்டார்கள்.

ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். 1966-இல் கிளியோ செர்ரிஹோம்ஸ் அதுவரை நடந்த சில ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆட்டத்தால் மாணவர்களின் ஆர்வம் கூடியது. பாடச் செய்திகளை அதிகம் கற்றார்கள் என்பதற்கோ, நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கோ ஆதாரம் இல்லை. ஆகவே புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடலாம் என்று தம்பிகள் கனவு காண வேண்டாம்! ஆட்டம் முடிந்தபின் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று உட்கார்ந்து பேச வேண்டும். படித்தவனுக்கே அந்தப் பேச்சு பலன் தரும்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1966-67-இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கிய இளைஞர் நாடாளுமன்றத் திட்டம் 1997-98-இல் கல்லூரிகளுக்கும் வந்தது. அமெரிக்காவில் பர்னார்டு கல்லூரியின் மார்க் கார்ன்ஸ் தொடங்கிய முறையில், 1945 சிம்லா மாநாட்டையே மாணவர்கள் ஆடுகிறார்கள். காங்கிரசுக்காகவோ முஸ்லிம் லீகுக்காகவோ, தனக்குக் கிடைத்த பாத்திரத்துக்காக வாதாட வேண்டும்.

இங்கேதான் எனக்கு அக்கறை. நாம் எல்லோரும் நம் கட்சியைப் பேசக் கற்றுக்கொண்டோம். எதிராளியின் நியாயத்தை அவனைப்போலப் பேசக் கற்றோமா? 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை ஆட்சிமொழி பற்றி விவாதித்து, முன்ஷி-அய்யங்கார் சமரசத்துக்கு வந்தது. அதை நம் கல்லூரியில் ஆடிப் பாருங்கள். இந்திக்காக வாதாடும் பாத்திரம் ஒரு தமிழ் மாணவனுக்குக் கிடைக்கட்டும். அவன் கட்சி மாற வேண்டாம். சமரசம் எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்துகொண்டால் போதும்.

செலவு அதிகம் இல்லை. ஒரு கூடம், சில சீட்டுகள், நூலகத்தில் இருக்கும் விவாதத் தொகுதிகள். சங்கம் மனது வைத்தால், அடுத்த சந்திப்புக்குள் நடத்திவிடலாம். பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாக நான் இருப்பேன்.