நாற்பத்து நான்கு இலட்சம் முடிச்சுகள்



போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நிதி சேர்க்கும் கலை நிகழ்ச்சிகள் நமக்குப் புதியவை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நிகழ்ச்சியில் நானும் கவிதை வாசித்தேன். மண்டபம் நிறைந்திருந்தது, உண்டியலும் நிறைந்தது. இடைவேளையின்போது அந்தப் பிள்ளைகளையே மேடைக்கு அழைத்து வரிசையாக நிறுத்தினார்கள். சபை கண்கலங்கியது. முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி மட்டும் கடைசிவரை தலையை நிமிர்த்தவேயில்லை. சேர்ந்த பணம் அவளுக்குச் சோறாகவும் புத்தகமாகவும் போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதற்காக நாங்கள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

இதே கேள்வியை வேறொரு தேசத்தின் வரலாற்றில் நான் மீண்டும் சந்தித்தேன். அது ஆர்மேனிய அநாதைகளின் வரலாறு.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், ஒட்டோமன் துருக்கிய அரசு தன் ஆர்மேனியக் குடிமக்களை ஊர் ஊராக வெளியேற்றிச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தது. ஆண்கள் பெரும்பாலும் முதலிலேயே கொல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் வழியிலே பசியாலும் நோயாலும் வன்முறையாலும் மாண்டனர். எஞ்சியோரில் பெருந்தொகையினர் யாருமற்ற சிறுவர். அவர்களுக்கு உதவ அதே ஆண்டில் நியூயோர்க்கில் ஒரு குழு கூடியது. ஒரு இலட்சம் டொலர் சேர்ப்பதே அதன் முதல் இலக்கு. பின்னர் அண்மைக் கிழக்கு நிவாரண அமைப்பு என்ற பெயரைப் பெற்று, 1930 வரையில் அது திரட்டிய நிதியும் பொருளும் பதினொரு கோடி டொலருக்கும் அதிகம். அதன் பராமரிப்பில் வளர்ந்த அநாதைகள் ஏறத்தாழ 132,000 பேர்.

இத்தனை பெரிய தொகைக்குக் கலையும் பெருந்துணை புரிந்தது. ஓவியர்கள் சுவரொட்டிகள் வரைந்தனர். எதெல் பிராங்ளின் பெற்ஸ் தீட்டிய ஆர்மேனியச் சிறுமியின் முகம், மூன்று கோடி டொலர் கேட்கும் வாசகத்தோடு அமெரிக்க நகரங்கள் எங்கும் ஒட்டப்பட்டது. அடுத்து வந்தது திரைப்படம்.

அர்ஷலுய்ஸ் என்ற பெண் 1915இல் பதினான்கு வயதுச் சிறுமி. அந்தப் பெயருக்கு விடியலொளி என்று பொருள். குடும்பத்தவரைக் கண்முன்னே பறிகொடுத்து, அடிமையாக விற்கப்பட்டு, தப்பியோடி, 1917இல் நியூயோர்க்கை அடைந்தார். அங்கே அவருடைய பெயர் அரோரா மார்டிகானியன் ஆயிற்று. அவர் சொன்ன கதையை ஹென்றி கேட்ஸ் என்ற திரைக்கதையாசிரியர் எழுதி 1918இல் நூலாக்கினார். நூல் படமாயிற்று. அதில் அரோராவாக நடித்தவரும் அரோராவே! சம்பளம் வாரத்துக்கு 15 டொலர். சிவப்புத் தொப்பியணிந்த நடிகர்களை முதன்முதலில் படப்பிடிப்புத் தளத்தில் கண்டபோது, தம்மை மீண்டும் துருக்கியரிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்றே தாம் எண்ணியதாக முதுமையில் அவர் கூறினார். கூரையிலிருந்து குதிக்கும் காட்சியில் கணுக்கால் முறிந்தது. கட்டுப்போட்டுக்கொண்டே நடித்தார்.

1919 பெப்ரவரியில் நியூயோர்க்கில் செல்வந்தர் முன்னிலையில் படம் காட்டப்பட்டது. சில காட்சிகளுக்கு ரிக்கற் விலை பத்து டொலர். அக்காலத்தில் அது சிறிய தொகையல்ல. படம் சென்ற ஊரெல்லாம் அரோராவும் சென்று மக்கள் முன் நிற்கவேண்டியிருந்தது. உடலும் மனமும் தளர்ந்து அவர் மயங்கி வீழ்ந்தபின், அவரைப்போலத் தோற்றமுள்ள ஏழு பெண்களை அவருக்குப் பதிலாக மேடையேற்றினார்கள். துயரம்கூடப் பிரதி எடுக்கக்கூடிய பண்டமாகிவிட்டது. 1994இல் அரோரா கலிபோர்னியாவில் காலமானபோது உடலைப் பொறுப்பேற்க எவரும் வரவில்லை. அந்தப் படத்திலும் இன்று சில நிமிடக் காட்சிகளே எஞ்சியுள்ளன.

இனி, இதே அமைப்பின் மற்றொரு முயற்சியைப் பார்ப்போம். லெபனானின் காஸிர் என்ற ஊரில் ஆர்மேனியச் சிறுமியருக்கான ஓர் அநாதை இல்லம் இருந்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யாக்கோப் கூன்ஸ்லர் அங்கே கம்பள நெசவுக்கூடம் ஒன்றை நடத்தினார். அங்கு நானூறு சிறுமியர் பல மாதங்கள் உழைத்து ஒரு கம்பளத்தை நெய்தனர். பதினெட்டு அடி நீளம், பதினொரு அடிக்குமேல் அகலம். அதிலுள்ள முடிச்சுகள் 4,404,206. விலங்குகளும் பறவைகளும் மரங்களும் நிறைந்த ஏதேன் தோட்டம்போன்ற காட்சி அது. வாளில்லை, பிணமில்லை, பாலைவனமில்லை.

1925 டிசெம்பரில் அக்கம்பளம் அமெரிக்க ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜிடம் கையளிக்கப்பட்டது. அந்நாள்களில் டிசெம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கக் குடும்பங்கள் அநாதை இல்லத்து எளிய உணவையே உண்டு, மிச்சப்பட்ட பணத்தை நன்கொடையாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்த ஞாயிறுக்குச் சற்று முன்னர்தான் கம்பளம் வெள்ளை மாளிகைக்குச் சென்றது. ஆகவே அதுவும் ஒருவகை விளம்பரமே. நானூறு சிறுமியரின் பெயர்களும் அதில் இல்லை. பின்னாளில் அதற்கும் சோதனை வந்தது. 2013இல் அதைக் காட்சிக்கு வைக்க இரவல் கேட்டபோது வெள்ளை மாளிகை மறுத்தது. துருக்கியைப் புண்படுத்த விரும்பாமையே காரணம் என்று பலரும் கருதினர். 2014 நவம்பரில் சில நாள்கள் மட்டும் மக்கள் அதைப் பார்க்க முடிந்தது.

இருப்பினும் இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். அரோராவின் படமும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவரே காட்சிப்பொருள். பட்ட துன்பத்தை மறுபடி படவேண்டும் என்பதே நிதிக்கு அவர் கொடுத்த விலை. காஸிர்ச் சிறுமியரோ நெய்பவர்கள். பார்ப்பவர் கண்முன் நின்றது அவர்களுடைய காயமல்ல, கைத்திறன். எதை நெய்வது என்று தீர்மானித்தவர்கள் பெரியவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் முடிச்சிட்ட விரல்கள் அவர்களுடையவை. கற்ற தொழிலும் அவர்களோடு போயிற்று.

மறுமுறை நிதி சேர்ப்புக் கவியரங்கொன்றுக்கு அழைப்பு வந்தபோது நான் ஒரு நிபந்தனை விதித்தேன். பிள்ளைகளை மேடையில் நிறுத்தக் கூடாது. அவர்கள் செய்த கைவேலைகளை வாசலில் விற்பனைக்கு வைக்கலாம். விரும்பினால் பிள்ளைகள் சபையோடு அமர்ந்து நிகழ்ச்சியைப் பார்க்கட்டும் என்றேன். ஏற்பாட்டாளர்கள் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்கள். அன்று சேர்ந்த தொகை முன்னையதிலும் குறைவுதான். ஆனால் நான் மேடையிலிருந்து பார்த்தபோது, மூன்றாம் வரிசையில் இருந்த பிள்ளைகள் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.