பிழைக்கப் போன ஊர்

தியானப் பகுதி: எரேமியா 29:4–7



தாம்பரத்தில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில்தான் இங்கே வந்தது. அதற்கு முன்பு, அது ஜார்ஜ் டவுனில் இயங்கிய நாட்களில், செங்கன்னூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஜோசப் (1887–1938) அங்கே பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகி, 1909இல் திரும்பினார். சென்னையில் தொழிலைத் தொடங்கியவர், விரைவிலேயே மதுரைக்கு இடம்பெயர்ந்தார்.

உயர்நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் நிறைந்திருந்த காலம் அது. இளம் வழக்கறிஞருக்கு வெளியூர்களே வளர இடமளித்தன. பிழைப்பை நாடி இடம்பெயர்வது பாவமன்று. பஞ்சத்தில் ஆபிரகாமும் எகிப்துக்குச் சென்றார். ஆனால், சென்ற இடத்தில் நாம் எதைக் காண்கிறோம்?

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில், பிறமலைக் கள்ளர் மக்களைக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பிலேயே குற்றவாளிகளாக்கி வைத்திருந்தது. ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் முன்னிலையாக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்தோர் சுடப்பட்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். அவர்களுடைய மொழியிலோ குலத்திலோ பிறந்தவரல்லர் அவர். திருவிதாங்கூர் சிரியன் கிறிஸ்தவர். அம்மக்களோ அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தனர். தங்கள் பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டினர். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, எந்த வருமானத்தால் மதுரையில் நிலைபெற்றாரோ, அந்தத் தொழிலையே துறந்து சிறை சென்றார். 1938இல் மதுரையிலேயே மரித்தார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல். அந்நாளை அவர் காணவில்லை.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களிடம், அங்கே வீடு கட்டிக் குடியிருக்கவும், அப்பட்டணத்தின் நலனைத் தேடவும் கர்த்தர் கட்டளையிட்டார். விரும்பாமல் போனவர்களுக்கே அக்கட்டளை என்றால், விரும்பி வந்த நமக்கு?

பிரியமானவர்களே, தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பகுதிகளில் வாழும் நம்மில் பலர் வேலையை நாடி வந்தவர்கள். இவ்வூர் நமக்குச் சோறும் வீடும் தந்தது. நம் தெருவில் நியாயம் மறுக்கப்பட்டவர் யார் என்று நாம் அறிவோமா? நம் கல்வியும் பதவியும் அவருக்கு என்ன பயன் தந்தன? இவ்வாரம் ஒருவருடைய பெயரையாவது கேட்டறிவோம்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களைக் கொண்டுவந்து சேர்த்த இவ்வூரின் துயரத்தைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.