நுவரெலியாவின் வசந்தம்: ஒரு பருவத்தின் சமூக வரலாறு

தமிழ் இலக்கண மரபு ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, சித்திரை, வைகாசித் திங்கள்களை இளவேனில் என்று வழங்குகின்றது. எனினும், நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கைத் தீவிலே, ஐரோப்பியர் கருதும் பொருளில் வசந்தம் என்றொரு பருவம் இல்லை. இங்கு பனி உருகுவதுமில்லை. மொட்டையான மரங்கள் துளிர்ப்பதுமில்லை. ஏப்பிரல் மாதத்தின் முற்பகுதியிற் சூரியன் இத்தீவின் நேர் உச்சியாற் செல்ல, கரையோர நகரங்கள் வெப்பத்தால் வாடுகின்றன. அவ்வாறிருந்தும், அதே மாதத்தில் நுவரெலியா நகரிலே வசந்தகாலம் சடங்குமுறையாகத் தொடக்கிவைக்கப்படுவது வழக்கம். பாடசாலை வாத்திய அணிகளின் ஊர்வலம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் வண்டிகளின் மலையேற்றப் போட்டி, ஏரியிற் படகோட்டம் என்று நிகழ்ச்சிகள் நிரல்படுத்தப்படுகின்றன. அவ்வாரங்களில் விடுதிகளிலே இடம் கிடைப்பது அரிது.

இயற்கை வழங்காத ஒரு பருவத்தை ஒரு நகரம் எவ்வாறு பெற்றுக்கொண்டது? அதனை ஆக்கியோர் யாவர்? அனுபவித்தோர் யாவர்? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம். எங்கே தங்கலாம், எதனைப் பார்க்கலாம் என்று பிரயாணக் கைந்நூல்கள் தரும் பட்டியல்கள் பொழுதுபோக்கு விடயங்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. அவற்றையும் ஒரு சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளைக் காட்டும் சான்றுகளாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்தாகும்.

சுகவாசத் தலத்தின் தோற்றம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலையின் அடிவாரத்திற் கிடக்கும் ஒரு சமவெளி. மருத்துவரான ஜோன் டேவி 1819 இல் இப்பகுதிக்கு வந்து, 1821 இல் வெளியான தமது நூலில் இதன் தட்பவெப்பத்தை விதந்துரைத்தார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய எட்வேட் பார்ன்ஸ் இங்குத் தமக்கொரு மாளிகை அமைத்ததோடு, நோயுற்ற பிரித்தானியப் படையினர் தேறுவதற்கான சுகவாச நிலையமொன்றையும் ஏற்படுத்தினார். இக்காலப்பகுதியிலேயே நீலகிரியில் உதகமண்டலமும் வட இந்தியாவிற் சிம்லாவும் இத்தகைய தலங்களாக உருப்பெற்றன. ஆகவே நுவரெலியாவைத் தனியொரு அழகிய ஊராக அல்லாமல், குடியேற்ற ஆட்சியின் ஒரு பொது நிறுவனத்தின் கிளையாகவே நோக்குதல் வேண்டும். சமவெளியிற் செல்வந் திரட்டியோர் அதன் வெப்பத்திலிருந்தும், ஆளப்பட்ட மக்களின் அண்மையிலிருந்தும் சில வாரங்கள் விலகியிருப்பதற்கான இடமே மலைத் தலம்.

1848 இற் குடியேறிய சாமுவேல் பேக்கர் இதனை ஓர் ஆங்கிலக் கிராமமாக்க முயன்றார். இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கருவிகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். கால்நடைகள் பல மடிந்தன, பயிர்கள் பழுதாயின, 1855 அளவில் அவரும் நாடு திரும்பினார். அம்முயற்சி தோற்றபோதிலும், அந்நிய மண்ணில் ஓர் இங்கிலாந்தை நட்டுவிடலாம் என்ற எண்ணம் தோற்கவில்லை. 1861 இற் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காக ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. 1870களில் தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் காலத்திற் சதுப்பு நிலம் ஏரியாக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. அத்தசாப்தத்திலேயே குதிரைப் பந்தயத் திடலும் அமைந்தது. 1897 இல், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டிலே, நகர நடுவிலுள்ள பூங்காவுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. இன்று பிரயாணிகள் காணவேண்டியவை எனப் பட்டியலிடப்படுவனவற்றுட் பல, இவ்வாறு 19ஆம் நூற்றாண்டின் நிருவாகத் தேவைகளும் பயிராராய்ச்சியும் விட்டுச்சென்றவையே.

தங்குமிடங்களும் தரப்படுத்தலும்

1885 இல் இருப்புப்பாதை நானுஓயாவை அடைந்தபின் கொழும்பிலிருந்து வருவது இலகுவாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து நகருக்கும், அதற்கப்பால் உடப்புசல்லாவைப் பகுதிக்கும் ஒரு குறுகிய பாதை போடப்பட்டது. 1940களில் மூடப்பட்ட அப்பாதை பிரயாணிகளுக்காக மட்டும் அமைந்ததன்று. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதும் அரிசியையும் உரத்தையும் ஏற்றுவதும் அதன் முக்கிய பணிகளாயிருந்தன. ஓய்வு தேடி வந்தோரும் ஏற்றுமதிப் பண்டமும் ஒரே தண்டவாளத்திற் சென்றமை இந்நகரின் இயல்பைத் தெளிவாக உணர்த்தும்.

பார்ன்சின் மாளிகை 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் கிராண்ட் ஹொட்டேல் ஆயிற்று. 1876 இற் பிரித்தானியத் தோட்டத்துரைமாரால் ஹில் கிளப் நிறுவப்பட்டது. ஆட்சியாளருக்கு அரச மாளிகை, படைத்தலைவருக்குத் தனி இல்லம், துரைமாருக்குக் கிளப், கொழும்பு வணிகருக்கு ஹொட்டேல், சிற்றுத்தியோகத்தருக்கு வாடகை விடுதி என்று, யார் எங்கே தங்கலாம் என்பதை அவரவர் வர்க்கமும் நிறமும் தீர்மானித்தன. ஹில் கிளப்பில் இலங்கையர் உறுப்பினராதல் சுதந்திரத்தின் பின்னரும் பல்லாண்டுகள் இயலாதிருந்தது. பெண்களுக்கும் அங்கே தனி வாயில் இருந்தது. இராப்போசன மண்டபத்துக்கு உடைவிதி இருந்தது. இவ்விதிகளைக் காத்தவர்களும், மேசையருகே கைகட்டி நின்று பரிமாறியவர்களும், விருந்தினரின் சப்பாத்துகளைத் துலக்கியவர்களும் இந்நாட்டவரே.

இந்தத் தங்குமிடங்களின் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத வகையொன்று உண்டு. அது லயம். சுற்றிலுமுள்ள தோட்டங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகப் பொதுவாக விவரிக்கப்படும் அறைகளை வரிசையாகக் கொண்டும், சிலவிடங்களில் முதுகோடு முதுகாக இணைத்தும் கட்டப்பட்ட குடியிருப்புகளே இவை. ஓரறையும் சிறிய முன்வாசலும் கொண்ட இடத்தில் ஒரு குடும்பம், சிலவேளை மூன்று தலைமுறையினர், வாழ்ந்தனர். விருந்தினர் கணப்படுப்பில் விறகெரித்துக் குளிர்காய்ந்த அதே இரவின் குளிரை இவர்கள் கம்பளிப் போர்வையாலும் அடுப்புச் சூட்டாலும் எதிர்கொண்டனர். நுவரெலியாவின் குளிர் சிலருக்கு இன்பமாகவும் வேறுசிலருக்கு இருமலாகவும் அமைந்தமைக்கு அக்குளிர் காரணமன்று.

இரு நாட்காட்டிகள்

பருவம் என்பது வானத்தில் மட்டும் அமைவதன்று, உழைப்பிலும் அமைவது. இதனைப் பெருந்தோட்ட வரலாறு நன்கு விளக்குகின்றது. கோப்பிக் காலத்தில் அறுவடைக்குச் சில மாதங்களே வேலையாட்கள் பெருந்தொகையில் தேவைப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டோர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். அறுவடை முடிய, எஞ்சியோரிற் பெரும்பாலோர் தம் ஊர்களின் நெல் வேலைக்குத் திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும், ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை, ஒரே செடியிற் கொழுந்தெடுக்க வேண்டிய பயிர். ஆகவே பருவகாலத் தொழிலாளர் நிரந்தரக் குடிகளாயினர். ஊர் திரும்பும் பருவம் அவர்தம் வாழ்விலிருந்து அகற்றப்பட்டது.

இங்கு ஒரு முரண்பாடு கருத்தூன்றத் தக்கது. மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களின் இடைப்பருவ மழையினாலும் வெயிலினாலும் தேயிலை விரைந்து துளிர்க்கின்றது. தொழிற்சாலைக்கு மிகுதியாகக் கொழுந்து வரும் மாதங்கள் இவற்றை ஒட்டியே தொடங்குகின்றன. எனவே நகருக்கு ஓய்வுக்காலமாகிய வசந்தம், தோட்டத்துக்கு வேலை நெருக்கும் காலமாயிற்று. விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்லல், கூடையுடன் மலையேறல், குறித்த றாத்தல் எடைக்குக் குறைந்தால் அரைப்பேர் பெறல் என்பன ஒரு நாட்காட்டி. தேநீர் விருந்து, கொல்ப் ஆட்டம், பந்தயம், நடன இரவு என்பன மற்றொரு நாட்காட்டி. இரண்டும் ஒரே மலையில், ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. ஒன்றின் உபரியாலேயே மற்றது இயங்கியது. 1934 முதல் நடைபெற்றுவந்த மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் மோட்டார் வண்டிகள் தேயிலைத் தோட்டத்தின் பாதையிலேயே விரைந்தேறின என்பது இவ்விரு நாட்காட்டிகளும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதைப் புலப்படுத்தும்.

இதனால் தொழிலாளருக்குக் கொண்டாட்டமே இல்லை என்று கொள்ளலாகாது. சித்திரைப் புத்தாண்டும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் காமன்கூத்தும் அவர்கள் தம் ஆண்டினைத் தாமே வகுத்துக்கொண்டதற்குச் சான்றுகள். சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த மலையக நாட்டார் பாடல்கள், நகரின் எந்தக் கைந்நூலிலும் காணப்படாத ஒரு பருவ உணர்வைப் பேணியுள்ளன.

சுதந்திரத்தின் பின்னர்

குடியேற்ற ஆட்சி அகன்றபோது வசந்தகாலம் அகலவில்லை; அதன் உரிமையாளர் மாறினர். கொழும்பின் சிங்கள, தமிழ், பறங்கி மேட்டுக்குடியினர் துரைமாரின் பங்களாக்களையும் பழக்கங்களையும் பெற்றுக்கொண்டனர். அதே ஆண்டில், 1948 இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த மக்கள், விரைவில் வாக்குரிமையையும் இழந்தனர். நகருக்கு வந்து சென்ற விருந்தினருக்கு ஊரில் இருந்த இடம், மலைகளைத் தளிர்க்கச் செய்தவர்களுக்கு நாட்டில் இருக்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. அவர்களது விருப்பம் வினவப்படவில்லை.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. இது முற்போக்கான நடவடிக்கையே. எனினும் நிலம் யாருக்கு என்ற வினா எழுந்தபோது தொழிலாளர் மீண்டும் புறத்தே நிறுத்தப்பட்டனர். நுவரெலியா மாவட்டத்தின் தலவாக்கலைப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே 11 அன்று, டெவன் தோட்டத் தொழிலாளியான சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்துறந்தார். நகரின் வசந்த விழாக்கள் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்த காலம் அது. 1983 யூலை வன்செயல்களில் நுவரெலியா நகரத்துத் தமிழர் கடைகளும் எரிந்தன. நாடற்றவராக எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே பெருமளவு தீர்வு கிட்டியது.

இதற்கிடையில் 1966 இல் உல்லாசப் பிரயாணச் சபை நிறுவப்பட்டதும், 1977 இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நகரை மாற்றின. 1992 இல் தோட்ட நிருவாகம் மீளவும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஒரு ஹொட்டேலாக மாற்றப்பட்டது; பழைய இயந்திரப் பகுதிகள் அங்கே காட்சிப்பொருள்களாயின. துரைமாரின் பங்களாக்களும் விடுதிகளாயின. கடந்தகாலம் இவ்வாறு விற்பனைப் பண்டமாகையில், தொழிற்சாலையின் உருளைகள் பேணப்படுகின்றன. அவற்றை இயக்கியோரின் பெயர்கள் பேணப்படுவதில்லை. நகரின் செங்கல் அஞ்சலகத்தையும் விருந்தகமாக்கும் திட்டம் 2023 இல் முன்வைக்கப்பட்டபோது, அவ்வாண்டு நவம்பரில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். பொதுமக்களின் உடைமை, பிரயாணிக்கான தங்குமிடமாக மாறுவதை உழைப்போர் வெளிப்படையாக மறுத்த நிகழ்ச்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர்கள். நாட்கூலி 1,000 ரூபாவாக வேண்டும் என்ற அவர்தம் கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேயே சட்டபூர்வமாயிற்று. அவர்களின் பிள்ளைகளிற் பலர் இன்று விடுதிகளிற் பணியாளராகவும் சமையலாளராகவும் ஏரிக்கரையிற் குதிரை பிடிப்போராகவும் வசந்தகாலத்தை நடத்துகின்றனர். லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் அவற்றுக்கான உறுதியும் கோரும் குரல் இன்னும் ஓயவில்லை. உல்லாசப் பிரயாணத்தை முற்றாக வெறுத்தொதுக்குவது எமது நோக்கமன்று. குளிர்ந்த காற்றையும் மலர்களையும் நாடுவது மனித இயல்பே. அவ்வின்பத்தை ஆக்குவோர் அதனிற் பங்கு பெறுதல் வேண்டும் என்பதும், நகரின் வரலாறு அவர்களையும் உள்ளடக்கி எழுதப்படுதல் வேண்டும் என்பதுமே எமது நிலைப்பாடு.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே மக்கள் நடந்தனர். அந்நடை ஆராய்ச்சியாளருக்கும் ஒரு பணியைச் சுட்டுகின்றது. கிளப்புகளின் நிகழ்ச்சிக் குறிப்பேடுகளும் பந்தயப் பட்டியல்களும் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டன. தோட்டங்களின் பிரட்டுப் புத்தகங்கள், சம்பளப் பதிவேடுகள், தொழிற்சங்கக் கடிதங்கள், முதியோரின் வாய்மொழிகள் ஆகியவை கறையானுக்கும் மறதிக்கும் இரையாகுமுன் திரட்டப்படுதல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர் இப்பணியைத் தம் ஆய்வேடுகளுக்குரிய பொருளாக ஏற்பாராயின், நுவரெலியாவின் இரண்டாம் நாட்காட்டி முதன்முறையாக முழுமையாக எழுதப்படும்.