120 கேமராவில் 35 மி.மீ. பிலிம்

120 ரோலுக்கென்று செய்த கேமராவில், அதைவிடக் குறுகிய 35 மி.மீ. பிலிமைப் போட்டுப் படமெடுக்கும் முறை. சுமார் 61 மி.மீ. அகலமுள்ள 120 ரோலைக் கோடக் 1901இல் கொண்டுவந்தது. டப்பாவில் அடைத்த 35 மி.மீ. பிலிமை அதே நிறுவனம் 1934இல் விற்பனைக்கு விட்டது. ரோலிஃபிளெக்ஸ் இரட்டை லென்ஸ் கேமராவுக்கு ‘ரோலைகின்’ என்ற இணைப்பு 1930களிலேயே வந்துவிட்டது. 1958இல் வந்த ஜப்பானின் யாஷிகா 635, இரண்டு பிலிமுக்கும் பொருந்தும்படியே அமைந்தது.

120 ரோலில் 6×6 செ.மீ. படம் பன்னிரண்டுதான் கிடைக்கும்; 35 மி.மீ. பிலிமில் 36. தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துவிடுமோ என்று பயப்படும் கல்யாண போட்டோகிராபருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. கோடக்ரோம் வண்ண பிலிம் 35 மி.மீ. அளவில் 1936இலும், 120 அளவில் 1986இலும்தான் வந்தது என்பதும் ஒரு காரணம்.

லென்ஸ் மாறுவதில்லை, அது பார்க்கும் பரப்புதான் குறுகுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். 80 மி.மீ. லென்ஸைச் சற்று நிமிர்த்திப் பிடித்தால், 6×6 சட்டத்தில் அது முழுதாக அடங்கச் சுமார் 85 மீட்டர் விலக வேண்டும்; 35 மி.மீ. சட்டத்துக்கு 140 மீட்டர். கோயிலின் வெளிச்சுற்றே தெற்கு வடக்காகச் சுமார் 120 மீட்டர்தான் என்பதால், கிழக்கு வாசல் பக்கமாகப் போவதைத் தவிர வழியில்லை. முகங்களுக்கோ இதே குறுகல் பெரிய வரம். எட்டி நின்றே மார்பளவுப் படம் எடுக்கலாம்.

இணைப்பில் வரும் 24×36 மி.மீ. சட்டத்தைப் போடாமல் விட்டால், பல்சக்கரத் துளைகள் உட்பட பிலிமின் முழு அகலத்திலும் படம் விழும். பிலிம் படுக்கை வாட்டில் ஓடும் கேமராவில் இது நீண்ட பட்டைப் படமாகிறது. இதே கோயிலின் கல்வெட்டு வரிசையை 1858இல் புகைப்படக்காரர் லினியஸ் டிரைப் 21 படங்களை ஒட்டி, சுமார் 6 மீட்டர் நீளத்தில் காட்டினார். அப்படிப்பட்ட பொருளுக்குப் பட்டைச் சட்டம் மிகவும் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

120 ரோலுக்குப் பின்தாள் உண்டு, 35 மி.மீ. பிலிமுக்கு இல்லை. அதனால் கேமராவின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி ஜன்னலைக் கறுப்பு நாடாவால் மூடியாக வேண்டும். பின்தாள் இல்லாததால் பட எண்ணும் தெரியாது, குமிழைத் திருகும் சுற்றைக் கணக்கு வைத்தே ஒவ்வொரு படத்தையும் நகர்த்த வேண்டும். வெறும் ஸ்பூலில் சுற்றிய பிலிமை இருட்டறையிலோ இருட்டுப்பையிலோதான் கேமராவை விட்டு எடுக்க வேண்டும்.