பிரீடர்ஸ் கோப்பை குதிரைப் பந்தயங்கள்

பிரீடர்ஸ் கோப்பை என்பது தரோபிரெட் இனக் குதிரைகளுக்காக அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடத்தப்படும் பந்தயத் தொடராகும். 'பிரீடர்' என்றால் குதிரைகளைப் பெருக்கி வளர்ப்பவர். இப்பந்தயங்களுக்கான பணத்தைத் திரட்டியவர்கள் அவர்களே என்பதால் இப்பெயர் வந்தது.

கென்டக்கி மாநிலத்தில் கெயின்ஸ்வே பண்ணையை நடத்திய ஜான் கெயின்ஸ், 1982 ஏப்ரலில் இத்திட்டத்தை அறிவித்தார். குதிரைப் பந்தயம் பொதுமக்களின் கவனத்தை இழந்துவந்த காலம் அது. சிறந்த குதிரைகள் யாவும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில், தொலைக்காட்சியில் எல்லோரும் காண ஓட வேண்டும் என்று அவர் விரும்பினார். பொலிகுதிரையின் உரிமையாளர் ஆண்டுதோறும் ஒரு சினைப்படுத்தும் கட்டணத்துக்கு ஈடான தொகையைச் செலுத்த வேண்டியிருந்தது. குட்டியின் உரிமையாளர் ஒருமுறை 500 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சக பண்ணையாளர்கள் சிலர் எதிர்த்தனர். கெயின்ஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், திட்டம் நிற்கவில்லை.

முதல் தொடர் 1984 நவம்பர் 10 அன்று கலிபோர்னியாவின் ஹாலிவுட் பார்க்கில் நடந்தது. 7 பந்தயங்கள், மொத்தப் பரிசு 1 கோடி டாலர். என்.பி.சி. தொலைக்காட்சி 4 மணி நேரம் நேரலையாக ஒளிபரப்பியது. இறுதிப் பந்தயமான கிளாசிக்கின் பரிசு மட்டும் 30 லட்சம் டாலர். அதில் ஓடிய ஒயில்டு அகெய்ன் முன்பதிவு இல்லாத குதிரை. அத்தகைய குதிரைக்குத் தனிக் கட்டணம் உண்டு. உரிமையாளர்கள் 3,60,000 டாலர் கட்டினர். பந்தயம் கட்டியவர்களோ அக்குதிரைக்கு ஒன்றுக்கு 31 என்ற விகிதமே தந்திருந்தனர்! கடைசி நேர்ப்பாதையில் உட்புறம் ஒயில்டு அகெய்ன், நடுவில் ஸ்லூ ஓ கோல்டு, வெளிப்புறம் கேட் டான்சர் என மூன்றும் உரசிக்கொண்டு ஓடின. ஜாக்கி பேட் டே செலுத்திய ஒயில்டு அகெய்ன் தலையளவு முந்தியது. இரண்டாவதாக வந்த கேட் டான்சரை நடுவர்கள் மூன்றாமிடத்துக்கு இறக்கினர். வென்றவருக்குக் கிடைத்தது 13.5 லட்சம் டாலர்.

1996இல் கனடாவின் டொரான்டோவில் நடந்ததே அமெரிக்காவுக்கு வெளியே நடந்த ஒரே தொடர். 2007 முதல் இரண்டு நாள் விழாவானது. இப்போது 14 பந்தயங்கள் நடக்கின்றன.

தொலைக்காட்சிக்காகத் திட்டமிட்ட விழாவில் தொலைக்காட்சி எல்லாவற்றையும் காட்டியது. 1990இல் நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில், பயகோவாவுடன் கழுத்தோடு கழுத்தாக ஓடிய 3 வயதுப் பெண் குதிரை கோ ஃபார் வாண்டு, எல்லைக்கு அருகே முன்கால் முறிந்து விழுந்தது. தடத்திலேயே கருணைக்கொலை செய்யப்பட்டது. 2019இல் கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டாவில், அந்த ஆண்டில் ஏற்கெனவே 30க்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்திருந்த நிலையில், கிளாசிக் பந்தயத்தில் மங்கோலியன் குரூம் கால் முறிந்து இறந்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட விதிகள் போதாது என்ற குரல் ஓங்கியது. 2020இல் குதிரைப் பந்தய நேர்மை, பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையிலும், ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் 2023 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தன.